வாசல்காவலனின் பதில்

"எனக்குத் தெரியாது" என்று ஒருமுறை சொன்னேன். அதனால் ஒரு மனிதரின் வேலை போனது. உண்மையில் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த அறையில் இருந்தவர்களில் அவரை விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால், நடுவில் எங்காவது எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. வேண்டாத காகிதங்களில் அந்தப் பெயர் போதுமான அளவு ஏறிவிட்டது. திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் சூப்பிரண்டு; அவர் அதே அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். அந்த நாட்களில் அவரை "வாப்பா, போப்பா" என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுதும்போது "அவர்" என்று வருகிறது.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில், கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவர். ஒல்லியான ஆள். சட்டையில் எப்போதும் பழைய காகித வாசனை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது: அடுத்தவருக்காக ஒரு வார்த்தை பேசமாட்டார். அலுவலகத்தில் யாராவது வரவில்லை என்றால், "ஏம்ப்பா, அந்த ஆள் ஏன் வரல?" என்று கேட்பேன். காரணம் அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும், "அவரே வந்து சொல்வாருங்க சார்" என்பார். டீக்கடையில்கூட அடுத்தவருக்குச் சேர்த்துச் சொல்லமாட்டார். "நீங்க என்னா குடிக்கிறீங்கன்னு நீங்க சொல்லுங்க சார்" என்று கடைக்காரர் முன்னால் நிற்பார். எனக்கு அது அப்போது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது.

அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு நாடே இருந்தது என்பது ரயிலில்தான் தெரிந்தது.

1993இல் நான் விழுப்புரத்திலிருந்து காலை பாசஞ்சரில் திண்டிவனம் போய் வந்துகொண்டிருந்தேன். சீசன் டிக்கெட்காரர்களில் சீட்டாடுகிறவர்கள் உண்டு, பஜனை பாடுகிறவர்கள் உண்டு. எங்கள் பெட்டியின் கடைசியில் மூன்று பேர் மட்டும் வேறு ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் இவர்; அப்போது விழுப்புரத்தில்தான் வாடகைக்கு இருந்தார். இன்னொருவர் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர், பெரிய மீசைக்காரர். மூன்றாமவர் ஒரு பள்ளியின் ஓவிய ஆசிரியர். நான் எதிர் இருக்கையில் பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டு இரண்டு வாரம் ஒட்டுக்கேட்டேன்.

அவர்கள் விளையாட்டில் உவர்நாடு என்று ஒரு நாடு. முன்னூறு வருடங்களுக்கு முன் கடல் பின்வாங்கிப் போய்விட்ட நாடு. ஆழியம்மை என்ற ராணியின் குழந்தையை அலை கொண்டுபோய்விட்டது. அவள் கடலோடு ஒப்பந்தம் செய்தாள்: "பிள்ளையைக் கொடு, இந்தக் கரையை விட்டுப் போ, திரும்பி வந்து வாசலைத் தட்டினால் திறப்போம்." கடல் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போயிற்று. அன்றிலிருந்து அங்கே கேப்பைக் கொல்லைக்கு நடுவில் கலங்கரை விளக்கம் நிற்கிறது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வயல்களில் கப்பல்கள் பாதி புதைந்து கிடக்கின்றன. அவற்றுக்குள் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். கோட்டையின் கிழக்குச் சுவரில் கடல்வாசல் என்று ஒரு கதவு, முன்னூறு வருடமாக வறண்ட மண்ணைப் பார்த்து நிற்கிறது.

விளையாடுகிற ஒவ்வொருவருக்கும் அந்த நாட்டில் ஏற்று நடத்த ஓர் ஆள். மீசைக்காரருக்கு மருத்துவச்சி. ஓவிய ஆசிரியருக்குத் திருடன். இவருக்கு ஆள் கிடையாது; நாடு மட்டும்தான். என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். சொல்லி நிறுத்தி, தகர டப்பாவை மூடி, இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு கேட்பார்: "நீங்க என்னா பண்றீங்க?" பதில் வரும்வரை வாய் திறக்கமாட்டார். விக்கிரவாண்டியில் கேட்ட கேள்விக்குப் பேரணி வரைக்கும் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். செய்கிற காரியம் பலிக்குமா என்பதை டப்பாவுக்குள் இருந்த ஐந்து புளியங்கொட்டைகள் சொல்லும். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய கொட்டைகள். எத்தனை வெள்ளை விழுகிறதோ அத்தனை அதிர்ஷ்டம்.

வேலைக்கு வருமுன் பாண்டிச்சேரியில் ஒரு விடுதியில் அறை பெருக்கியிருக்கிறார். அங்கே தங்கிய வெளிநாட்டுப் பிள்ளைகள் இப்படி வட்டமாக உட்கார்ந்து மணிக்கணக்கில் விளையாடுவார்களாம். "பாஷ புரியல சார். ஆனா ஒருத்தன் கேக்கறான், மத்தவன் யோசிக்கிறான், அப்புறம் பதில் சொல்றான். அது புரிஞ்சிது." மற்றதெல்லாம் அவரே உண்டாக்கியது.

ஒருநாள் பேப்பரை மடித்துவிட்டு, "எனக்கும் ஒரு ஆள் குடுப்பா. ராஜா எதாவது காலியா இருக்குதா?" என்றேன்.

"சூப்பிரண்டு சாருக்கு ராஜாவுக்குக் கொறஞ்சு குடுத்தா மெமோ வந்துடும்" என்றார் மீசைக்காரர்.

"நாம வைக்கக்கூடாதுங்க சார். கொட்ட சொல்லட்டும்" என்று டப்பாவை நீட்டினார் இவர்.

போட்டேன். ஒன்று மட்டும் வெள்ளை.

"வாசக்காவலன்" என்றார். "கடல்வாசல்ல நிக்கிற ஆளு. எழுதப் படிக்கத் தெரியாது."

"எம்.ஏ. படிச்சவன்ப்பா நானு. வேற போடறேன்."

"விழுந்துச்சுங்களே சார்."

மீசைக்காரர் சிரித்த சிரிப்பில் மல்லாட்டை விற்கிற அம்மாள் திரும்பிப் பார்த்தாள். நான் வாசல்காவலன் ஆனேன். இரண்டு வருடம் அந்த வாசலில் நின்றேன். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதுகூட மனம் அங்கேயே நிற்கும். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக எதையும் செய்ததில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. திண்டிவனத்தில் இறங்கியதும் நான் சூப்பிரண்டு. அவர் நாலடி பின்னால் வருவார்.

ஒருமுறை பக்கத்தில் நின்றுகொண்டிருந்த யாரோ ஒரு பயணி ஆவேசப்பட்டு, "அவன வெட்டிப் போடுய்யா, இன்னா பேசிக்கினு இருக்கீங்க!" என்று கத்திவிட்டார்.

"உங்க ஆளு யாருங்க?" என்று இவர் பணிவாகக் கேட்டார்.

"எனக்கு ஏது ஆளு?"

"ஆளு இல்லாம எப்படிங்க வெட்றது?"

இன்னொரு முறை, ஓவிய ஆசிரியரின் திருடன் தன் கூட்டாளியைப் பாழுங்கிணற்றில் விட்டுவிட்டு ஓடிப்போனான். ஆசிரியர் அவசரத்தில் சொல்லிவிட்டார். கொட்டையும் மோசமாக விழுந்தது. கூட்டாளி செத்துப்போனான். அதை மாற்றச் சொல்லி ஆசிரியர் கெஞ்சினார். மூன்று நாள் பேசாமல் இருந்தார். இவர் மசியவில்லை. நான்காம் நாள் மயிலம் தாண்டும்போது மெதுவாகச் சொன்னார்: "ஆசானே, தப்பு பண்ணிட்டதால ஆட்டம் முடிஞ்சிடாது. அவன் அம்மா கப்பல் வாசல்ல உக்காந்துகினு புள்ள வருவான்னு பாத்துக்கினு இருக்குது. உங்க திருடன் அந்தப் பக்கமாத்தான் போவணும். நீங்க என்னா பண்றீங்க?" ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஐம்பது வயது மனிதர், இல்லாத ஒரு தாய்க்காக அழுதார்.

நடந்ததை எல்லாம் அவர் எழுதி வைத்தார். இங்கேதான் கேடு வந்தது. பதிவறையில் வேலை பார்த்த மனிதருக்கு வேறு எப்படி எழுதத் தெரியும்? ஒரு நாட்டின் சரித்திரத்தை நிலப் பதிவேடு மாதிரி எழுதினார். ஊர் பெயர், எண், நான்கு எல்லைகள், யாருக்குச் சொந்தம், எப்படி வந்தது. "கிழக்கே: பழைய கடல்" என்று முத்து முத்தான எழுத்து. காலாவதியான அரசுப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதி, தைத்து, நான்கு நோட்டுகளாகப் பதிவறை அலமாரியிலேயே வைத்திருந்தார். ஒருமுறை என் வாசல்காவலன் இளவரசியைக் காப்பாற்றியதற்கு ஒன்றரைக் காணி நிலம் கிடைத்தது. எழுதத் தெரியாதவன் ஆயிற்றே. கைநாட்டு வைக்கச் சொன்னார். சாப்பாட்டுக் கூடையில் ஸ்டாம்ப் பேடு கொண்டுவந்திருந்தார். ஓடுகிற ரயிலில், சிரித்துக்கொண்டே, என் இடது கட்டைவிரலை வைத்தேன். சிறு வயதில் அரிவாள்மணையில் வெட்டிக்கொண்ட தழும்பு குறுக்காகத் தெளிவாகப் பதிந்தது.

மாவட்டம் பிரிந்து, கோப்புகள் மூட்டை மூட்டையாக இடம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நிலத் தகராறுக் கோப்பு காணாமல் போயிற்று. விசாரிக்க மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி திங்கட்கிழமை வருவதாகத் தகவல் வந்தது.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மாலை ரயிலில் இவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கடல்வாசல்ல யாரோ தட்டறாங்க. மூணு தட்டு. முன்னூறு வருசத்துல தட்டினதே கெடையாது. கடலா இருக்கலாம். எதிரியா இருக்கலாம். வழி தவறுன கொழந்தயா இருக்கலாம். தொறக்கற அதிகாரம் உங்களுக்கு மட்டும்தான். வாசக்காவலரே, நீங்க என்னா பண்றீங்க?"

முண்டியம்பாக்கம் தாண்டிவிட்டது. எனக்கு உண்மையிலேயே முடிவெடுக்க முடியவில்லை. "திங்கக்கிழம சொல்றேம்ப்பா" என்றேன்.

"சொல்லுங்க சார். அதுவரைக்கும் தட்டிக்கினே இருப்பாங்க."

திங்கட்கிழமை அதிகாரி வருகிறார் என்பதால் நான் ரயிலை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் போய்விட்டேன். பத்து மணிக்கு வந்த அதிகாரி நேராகப் பதிவறைக்குள் போனார். இவர் வெள்ளிக்கிழமைக் கதையை எழுதிக்கொண்டிருந்தார். நான்கு நோட்டுகளும் என் மேசைக்கு வந்தன. வாசலில் அலுவலகமே கூடி நின்றது.

"உவர்நாடு. இது எந்தத் தாலுக்காய்யா?" என்றார் அதிகாரி.

"தாலுக்கா இல்லிங்க சார். நாடு."

"என்னது?"

"வெளாட்டுங்க சார். நாங்க ரயில்ல வெளாடறது. அப்படி ஒரு ஊரே கெடையாது."

"கவர்மென்ட் ஃபாரத்துல, இல்லாத ஊருக்கு நிலம் எழுதி வச்சிக்கினு வெளாட்டுன்றியா? போலிப் பட்டா போட்டுப் பழகறியா? நாங்கன்னா யாரு?"

"அவங்கவங்க சொல்லணும் சார்."

"இந்தக் கைநாட்டு யாருது?"

"வாசக்காவலன்து சார்."

"அவன் பேரு?"

"அவருதான் சொல்லணும் சார்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க சூப்பிரண்டு. உங்க ஆபீஸ்ல நடந்திருக்குது. உங்களுக்கு இதப் பத்தி ஏதாவது தெரியுமா?"

இவரும் என்னைப் பார்த்தார். கைகளை முழங்காலில் வைக்கவில்லை, நின்றுகொண்டிருந்தார். மற்றபடி அதே பார்வை. விக்கிரவாண்டியிலிருந்து பேரணி வரைக்கும் காத்திருக்கிற பார்வை.

நான் மேசைக்குக் கீழே இடது கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாது சார்."

வேலைக்குப் பயந்து சொல்லவில்லை. என் வேலை போயிருக்காது. அதிகம் போனால் ஒரு கண்டிப்புக் கடிதம். நான் பயந்தது சிரிப்புக்கு. நாற்பத்தெட்டு வயதில், சரித்திரத்தில் எம்.ஏ. வாங்கியவன், புளியங்கொட்டை போட்டுக் கோட்டை வாசலில் காவல் நிற்கிறான் என்று வாசலில் நின்றவர்கள் சிரிப்பார்களே என்பதற்கு. அந்தச் சிரிப்பைத் தாங்கியிருந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும்.

அவர் அதற்குப் பிறகும் என் பெயரைச் சொல்லவில்லை. மற்ற இருவர் பெயரையும் சொல்லவில்லை. தற்காலிகப் பணிநீக்கம் முதலில் வந்தது. காணாமல் போன கோப்பு எட்டு மாதம் கழித்து வேறொரு மூட்டையில் கிடைத்தது. ஆனாலும் அரசுப் படிவத்தில் பொய்ப் பதிவேடு தயாரித்தார் என்ற குற்றச்சாட்டு அப்படியே நின்றது. வேலை போனது. ஆணை என் கை வழியாகத்தான் போயிற்று. நான் பஸ்ஸிலேயே போய் வந்தேன். விழுப்புரம் கடைவீதியில் மீசைக்காரர் ஒருநாள் பிடித்துக்கொண்டார். "என்னா சார், வாசல்ல ஆள நிக்க வச்சிட்டு எங்க போயிட்டீங்க?" அவருக்கு அப்போது விஷயம் தெரியாது. "வேல ஜாஸ்திங்க" என்றேன். தெரிந்த பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

ஓய்வு பெறுகிற வருடம், அழிக்கவேண்டிய பழைய கோப்புகளை ஒதுக்கும்போது அந்த நான்கு நோட்டுகளும் வந்தன. வீட்டுக்கு எடுத்துவந்து பீரோவில் வைத்தேன். அதுவும் சட்டப்படி திருட்டு. இன்னும் எட்டு வருடம் அவை அங்கேயே கிடந்தன. 2013 கோடையில் என் மனைவி எதையோ தேடும்போது எடுத்து, நான்கையும் படித்து முடித்துவிட்டாள். ஒருநாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க, அந்த வாசக்காவலன் என்னாதான் பண்ணான்? அதுக்கப்புறம் எழுதவே இல்லையே."

கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். "கடல்வாசலில் மூன்று தட்டு. வாசல்காவலன் பதில் வரவேண்டியுள்ளது." அலுவலகக் கடிதங்களில் எழுதுகிற அதே நடை. அந்தத் திங்கட்கிழமை அதிகாரி உள்ளே வந்தபோது எழுதிக்கொண்டிருந்த வரி.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அப்ப அது நீங்கதானா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முதலில் என் பழைய துறைக்கு எழுதினேன். முழு உண்மையையும் மூன்று பக்கத்தில். இரண்டு வரியில் பதில் வந்தது: சம்பந்தப்பட்ட கோப்பு அழிக்கப்பட்டுவிட்டதால் நடவடிக்கைக்கு இடமில்லை. பிறகு நோட்டுகளை எடுத்துக்கொண்டு, குப்பத்தை விசாரித்துப் போனேன்.

ஐஸ் உடைக்கிற கொட்டகையில் வேலை செய்துகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கட்டையைக் கீழே வைத்தார். "வாங்க சார். வழி தெரிஞ்சிதுங்களா?"

நோட்டுகளைக் கொடுத்தேன். லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். "செல்லு அரிக்காம இருக்குதே" என்றார். பிரிக்கவில்லை. பக்கத்தில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கைகள் முழங்கால்மேல் இருந்தன.

"அன்னிக்கு நீங்க என்னா பண்ணீங்கன்னு நான் பாத்துக்கினுதான சார் இருந்தேன்" என்றார். "ஆபீசுக்கு எழுதனது ஆபீசுக்கு. இங்க எனக்குப் போலிப்பட்டான்னுதான் பேரு. சுனாமிக்கு அப்புறம் ஊருக்கு வீடு குடுத்தாங்க. எந்த மனுவுக்கு எந்த ஃபாரம்னு இந்த ஊர்ல எனக்குத்தான் தெரியும். ஒருத்தரும் என்ன எழுத விடல. இவன் கைப்பட்டா நெசமான பட்டாவும் போலியாயிடும்னாங்க. எங்க அண்ணன்கூட."

நான் தலை குனிந்துகொண்டேன்.

"இப்ப என்னா பண்றீங்க?" என்றார்.

பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி. ஐஸ் கரைந்து சொட்டுகிற சத்தம் கேட்டது. அவர் காத்திருந்தார்.

"உங்க ஊர்ல எல்லார் முன்னாலயும் சொல்றேன். நீங்க ஏற்பாடு பண்ணுங்க."

"நீங்கதான் கேக்கணும் சார்" என்றார். "நான் உங்களுக்காகப் பேச மாட்டேன்."

பஞ்சாயத்தார் வீடுகளுக்கு நானே போய்க் கேட்டேன். அடுத்த வாரம், கடலுக்குப் போகாத ஒரு நாளில், அம்மன் கோயில் முன்னால் நாற்பது ஐம்பது பேர் கூடினார்கள். நின்றுகொண்டு சொன்னேன். விளையாட்டு என்றதும் சிரிப்பு கிளம்பியது.

"என்னா வெளாட்டு பெரியவரே? கோலியா, பம்பரமா?"

"சூப்பிரண்டு சார் வாசல்ல ஈட்டி புடிச்சிக்கினு நின்னாராம்டா!"

நாற்பத்தெட்டு வயதில் எதற்குப் பயந்தேனோ அது அறுபத்தாறு வயதில் நடந்தது. நின்று கேட்டேன். கடல் பின்வாங்கிப் போன நாடு என்று சொன்னபோது ஒருவன், "கடலு உள்ள போயிடுச்சாம்" என்று சிரிக்கத் தொடங்கி, தானாகவே நிறுத்திக்கொண்டான். கூட்டம் அடங்கிவிட்டது. அந்தக் கரையில் கடல் உள்ளே போய்த் திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள்.

"கைநாட்டு உன்துன்னு எப்படி நம்பறது?" என்று பஞ்சாயத்தாரில் மூத்தவர் கேட்டார்.

மீனவர் சங்கத்து அறையிலிருந்து ஸ்டாம்ப் பேடு வந்தது. ஒரு வெள்ளைத் தாளில் இடது கட்டைவிரலை அழுத்தினேன். நோட்டில் இருந்த பதிவுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் குறுக்கே அதே தழும்பு. மூத்தவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். அது கைமாறிக்கொண்டே போயிற்று. மீன் கூடையோடு நின்ற ஒரு பெண் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இவ்ளோ வருசமா எங்கய்யா போயிருந்த நீ?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்த அவர் பக்கம் திரும்பி, "ண்ணா, எம்மாமியாரு பேருல இருக்குற வீட்ட எம்பேருக்கு மாத்தணும். நாளைக்கு வர்றேன், எழுதிக் குடு" என்றாள். அவர் தலையசைத்தார். அன்றைக்குக் கிடைத்தது அந்த ஒரு மனுதான். "காச குடுத்துக் கூட்டியாந்திருப்பான்" என்று யாரோ முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது.

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூட வந்தார். தூரத்தில் பஸ் தெரிந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"அன்னிக்கு வாசல்ல தட்டினது யாரு?"

அவர் என்னைப் பார்த்தார்.

"நீங்க தொறக்கலயே சார். யாருன்னு எனக்கும் தெரியாது."

"இப்ப தொறந்தா?"

"மருத்துவச்சி செத்து நாலு வருசம் ஆச்சு சார். திருடனுக்குக் கண்ணு தெரியலன்னு கேள்விப்பட்டேன்." மீசைக்காரரையும் ஓவிய ஆசிரியரையும்தான் சொன்னார். பஸ்ஸை நிறுத்த அவரே கையைக் காட்டினார். "ஆளு இல்லாம எப்படி வெளாடறது?"

மறுபடி வாங்க என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அவர் நோட்டுகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பிப் போவது தெரிந்தது.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டியபோது என் விரலில் இருந்த மையைப் பார்த்தார்.

"என்னா பெரியவரே, கைநாட்டா?"

விரலை மடக்கவில்லை.

"ஆமாம்ப்பா" என்றேன்.